ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுவது: தூக்குநூல் சொல்வதே மட்டம்

100 மீட்டரில் குண்டுகள் நடுப்புள்ளியிலேயே விழுகின்றன. 300-ல் லேசாக இடப்பக்கம் ஒதுங்குகின்றன. 500-க்குப் போனால் ஒரு கையகலம் தள்ளி விழுகின்றன, அன்றைக்குக் காற்றே இல்லாவிட்டாலும். இப்படி நடந்தால் குழலையும் தோட்டாவையும் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்கோப் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மேற்பக்கம் இடது புறமாகச் சாய்ந்த ஸ்கோப்பில் உயரக் குமிழை (குறியை மேலும் கீழும் நகர்த்தும் திருகு) திருகினால், குண்டு விழும் இடம் நேர்மேலே போகாது. சாய்கோட்டில் இடது மேலாகப் போகும். எவ்வளவு கிளிக் (குமிழின் சிறு படி) ஏற்றுகிறோமோ அவ்வளவு விலகல். 100 மீட்டரில் ஜீரோ செய்யும்போது, அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி சரிசெய்யும்போது, பக்கக் குமிழைத் திருகிச் சரிக்கட்டி விடுகிறோம் என்பதால் அங்கே மட்டும் தவறு தெரிவதில்லை.

கணக்கு எளிது. ஏற்றும் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் பக்க விலகல் வந்துவிடும். 500 மீட்டருக்கு 3.5 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கோண அளவு) ஏற்ற வேண்டிய ரைஃபிள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் 3.5 மில் என்பது 175 செ.மீ. ஸ்கோப் 3 டிகிரி சாய்ந்திருந்தால் விலகல் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். 1,000 மீட்டருக்கு 12 மில் ஏற்றுகிற ரைஃபிளில் அதே 3 டிகிரி 63 செ.மீ. இழுத்துப் போய்விடும். 3 டிகிரி என்பது கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் அளவு. வெறும் கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று சொல்லிவிடக்கூடிய சாய்வுதான்.

எதற்கு மட்டம்?

இதில் பலரும் குழம்புகிறார்கள். ரைஃபிளுக்கு நேராக ஸ்கோப் இருக்க வேண்டுமா, பூமிக்கு நேராக இருக்க வேண்டுமா? குண்டைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. ஆகவே சுடும் நொடியில் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கோடு தூக்குநூலோடு ஒன்றிப் போக வேண்டும். முதல் விதி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்.

ரைஃபிள் மட்டும் சாய்ந்து, ஸ்கோப் தூக்குநூலுக்கு நேராக நின்றால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 5 செ.மீ. மேலே இருக்கிறது, ரைஃபிள் 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஸ்கோப் குழலுக்கு நேர்மேலே இல்லாமல் 2.6 மி.மீ. பக்கவாட்டில் இருக்கும், அவ்வளவுதான். 100 மீட்டரில் ஜீரோ செய்தால் 500-ல் இதனால் வரும் விலகல் சுமார் 1 செ.மீ.; 1,000 மீட்டரில் இரண்டரை செ.மீ.க்கும் குறைவு. மேலே பார்த்த 9 செ.மீ.க்கும் 63 செ.மீ.க்கும் பக்கத்தில் வைத்தால் இது கணக்கிலேயே வராது.

அதற்காக ரைஃபிளை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம் என்று அர்த்தமில்லை. தோளில் பட் (ரைஃபிளின் பின்கட்டை) இயல்பாக உட்காரும் நிலையிலேயே குறுக்குக்கோடும் நேராக நின்றால்தான், ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் அதே நிலைக்கு வர முடியும். ரைஃபிளையும் மட்டம் பார்ப்பது அந்தப் பழக்கத்துக்காக. குண்டு எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது தூக்குநூல்.

தொடங்கும் முன்

மேகஸினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு போல்ட்டையே உருவி மேசையின் மறுகோடியில் வையுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கிறதா என்று பார்க்க மட்டும் இடையில் ஒருமுறை அதை மாட்ட வேண்டிவரும். அப்போதும் முதலில் சேம்பரைப் பாருங்கள்.

தேவையானவை: ரைஃபிள் அசையாமல் நிற்க ஒரு தாங்கி அல்லது ரப்பர் வாய் வைத்த வைஸ், இன்ச்-பவுண்டு அளவு காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச், திருகுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் பிட்கள், ஒரு சிறிய ரசமட்டம், 3 மீட்டர் கனமான வெள்ளைக் கயிறு, அதன் நுனியில் கட்ட எடை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், கொஞ்சம் பஞ்சு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை தெரியும்" என்று இறங்காதீர்கள். ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) திருகுக்கு வேண்டிய இறுக்கம், கை இயல்பாகக் கொடுக்கும் இறுக்கத்தைவிட மிகக் குறைவு.

ரசமட்டத்தை நம்புவதற்கு முன் அதையே சோதியுங்கள். ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே 180 டிகிரி திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி மட்டத்தோடு திரும்பாமல் கண்ணாடியில் அதே திசையில் நின்றால் மட்டம் சரி, பலகைதான் சாய்வு. மட்டத்தோடு சேர்ந்து குமிழியும் திரும்பிவிட்டால் மட்டமே தவறு, தூக்கிப் போடுங்கள்.

பொருத்தம்

ஸ்கோப்பின் உடல்குழாய் பெரும்பாலும் 25.4, 30 அல்லது 34 மி.மீ. விட்டம். ரிங்கும் அதே அளவு இருக்க வேண்டும். 25.4 ரிங்கில் 30-ஐத் திணிக்க யாரும் முயல மாட்டார்கள். ஆனால் 30 மி.மீ. ரிங்கில் 25.4 மி.மீ. குழாயை டேப் சுற்றி நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கென்றே வரும் உலோகப் புஷ் இல்லாமல் அது நிற்காது.

ரிங் உட்காரும் அடிப்பட்டையான ரெயிலிலும் வேறுபாடு உண்டு. பிக்காட்டினி ரெயிலின் குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10 மி.மீ. வீவர் பள்ளம் 4.57 மி.மீ.தான். வீவர் ரிங் பிக்காட்டினியில் உட்காரும், ஆனால் முன்பின்னாக ஆடும் இடைவெளி இருக்கும். பிக்காட்டினி ரிங் வீவர் பள்ளத்தில் இறங்கவே இறங்காது. ரிம்ஃபையரிலும் ஏர் ரைஃபிளிலும் ரிசீவரிலேயே வெட்டிய 11 மி.மீ. டவ்டெயில் இருக்கும், அதற்கு ரிங் வேறு.

ரிங்கின் உயரம் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில தயாரிப்பாளர்கள் ரெயிலிலிருந்து குழாயின் அடி வரை அளக்கிறார்கள். சிலர் குழாயின் மையம் வரை. 30 மி.மீ. குழாயில் இந்த இரண்டுக்கும் 15 மி.மீ. வித்தியாசம். முன்வில்லைக் கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும்; வில்லை மூடியின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிண்ணம் ஒவ்வொரு வெடிப்பிலும் குழலின் அதிர்வைக் கெடுக்கும், ஜீரோ நிலைக்காது. தேவைக்கு மேல் உயரம் போனால் கன்னம் பட்-ஐ விட்டு எழும்பும். தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்.

அடிப்பட்டை

ஏற்கெனவே மாட்டிய ரெயிலாக இருந்தாலும் கழற்றிப் பாருங்கள். திருகுத் துளைகளில் எண்ணெய் இருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முன் துளைத் திருகு நீளமாக இருந்தால் குழல் மரையில் முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் இறுகிவிட்டது என்று சொல்லும், ரெயில் இறுகியிருக்காது. சில ரைஃபிள்களில் அதே திருகு உள்ளே நீண்டு போல்ட் காதில் உரசும். ரெயிலை இறுக்கிய பிறகு போல்ட்டை மாட்டி மூடித் திறந்து பாருங்கள். முன்பு வழுக்கிக்கொண்டு போன போல்ட் இப்போது கடைசிச் சில மி.மீ.யில் பிடித்தால், திருகை அரை மரை அராவிக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் செய்யாத சோதனை. முன் திருகுகளை மட்டும் இறுக்குங்கள். ரெயிலின் பின்முனை ரிசீவரை விட்டு எழும்புகிறதா? எழும்பினால் ரிசீவரின் முன்பின் உயரமும் ரெயிலின் அடியும் ஒத்துப்போகவில்லை. அப்படியே பின் திருகையும் இறுக்கினால் ரெயில் வில்லாக வளையும். அந்த வளைவு ரிங்குக்கும், ரிங்கிலிருந்து ஸ்கோப் குழாய்க்கும் போகும். எழும்பிய முனைக்கு அடியில் கொஞ்சம் எபாக்ஸி வைத்து, ரிசீவர் பக்கம் ஒட்டாதிருக்க மெழுகு தடவி, இறுக்காமல் உறையவிட்டால் இடைவெளி நிரம்பிவிடும்.

சிறிய அடிப்பட்டைத் திருகுகளுக்கு 15 முதல் 20 இன்ச்-பவுண்டு போதும். இங்கே மட்டும் நீல நிற மரைப்பூட்டுப் பசை ஒரு சொட்டு விடலாம். பசையும் எண்ணெயைப் போல மரையை வழுக்க வைக்கும் என்பதால், பசை விட்டால் குறைந்த எண்ணிலேயே நிறுத்துங்கள். 20 நிமிடக் கோணச் சரிவு (ஒரு நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கொண்ட ரெயிலாக இருந்தால் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் தூரத்துக்கு வேண்டிய ஏற்றம் இருக்காது. 100 மீட்டர் ஜீரோவே கிடைக்காமலும் போகலாம்.

ரிங்கின் கீழ்ப்பாதி

ரிங்குகளை ரெயிலில் வைத்து, இறுக்கும்போது குழல் முனைப் பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். வெடிக்கும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது. ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதாவது ரைஃபிளைப் பொறுத்தவரை ஸ்கோப் முன்னால் நகரத் துடிக்கிறது. குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன்சுவரில் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தால் நகர இடமில்லை. ரெயில் பிடிமானத் திருகுகளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 45 முதல் 65 இன்ச்-பவுண்டு வரை சொல்வார்கள். பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கும் எண்ணே கடைசி வார்த்தை. ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிளில் உதைப்பு இரண்டு திசையிலும் வரும். அதற்கு நிறுத்து ஊசி உள்ள மவுண்ட் வேண்டும். ஸ்கோப்பும் ஏர் ரைஃபிளுக்குத் தாங்கும் என்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். பெரிய ரைஃபிளில் பல வருடம் உழைத்த ஸ்கோப்பின் உள்ளுறுப்பு இந்த இருதிசை உதையில் கழன்றுவிடுவதுண்டு.

தனித்தனி ரிங்குகள் இரண்டும் ஒரே அச்சில் நிற்கின்றனவா என்று பார்க்க, குழாய் விட்டத்திலேயே வரும் இரண்டு சீரமைப்புத் தண்டுகளை ரிங்குகளில் வைத்து நுனிக்கு நுனி கொண்டுவாருங்கள். கூர்நுனித் தண்டைவிடத் தட்டைநுனித் தண்டு நல்லது. இரண்டு கூர்முனைகள் தொட்டுக்கொண்டும் அச்சுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்க முடியும். தட்டை நுனிகளுக்கு நடுவே ஆப்பு வடிவ இடைவெளி தெரிந்துவிடும். விலகல் மயிரிழை அளவுதான் என்றால் லேப்பிங் தண்டும் பேஸ்டும் வைத்துக் கீழ்ப்பாதிகளை மட்டும் தேய்க்கலாம். பூச்சு முக்கால்வாசி இடத்தில் தேய்ந்ததும் நிறுத்துங்கள். முழுவதும் பளபளக்க வேண்டும் என்று தேய்த்தால் ரிங் பெரிதாகிப் பிடிக்காது. ஒரே கட்டையில் கடைந்த மவுண்டுக்கும் பிளாஸ்டிக் உள்வளையம் வைத்த ரிங்குக்கும் லேப்பிங் வேண்டவே வேண்டாம்.

கண்ணுக்கு ஏற்ற இடம்

ஸ்கோப்பைக் கீழ்ப்பாதியில் வைத்து மூடிகளைத் தளர்வாக மாட்டுங்கள். குழாய் முன்பின்னாகவும் சுழன்றும் நகர வேண்டும். ரிங் எதுவும் குமிழ்ப் பீடத்தையோ கிண்ணத்தின் சரிவையோ தொடக் கூடாது, சில மி.மீ. தள்ளியே நிற்கட்டும்.

உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். அங்கேதான் முழு வட்டமும் தெரியும் கண் தூரம் மிகக் குறுகலாக இருக்கும். நீங்கள் வழக்கமாகச் சுடும் நிலையில், படுத்துச் சுடுபவர் படுத்தே, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைப் பட்டில் வையுங்கள். கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், கழுத்தை நகர்த்தாதீர்கள். உதைப்பு பலமான ரைஃபிளில் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் நடுவே 75 முதல் 100 மி.மீ. இருக்க வேண்டும், நெருங்கினால் புருவத்தில் பிறை வடிவில் வெட்டும். படுத்த நிலையில் முகம் முன்னால் போகும், நின்ற நிலையில் பின்னால் வரும். இரண்டும் சுடுபவர் நடுவில் ஓரிடம் பிடிக்க வேண்டியதுதான்.

கண்வில்லைக் கவனத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள், மட்டம் பார்க்கும்போது கோடு மங்கலாக இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ பார்த்து, சூரியன் பக்கமே திரும்பாமல், ஓரிரு விநாடி மட்டும் எட்டிப் பார்த்துத் திருகுங்கள். தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் தானே சரிக்கட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

மட்டம்

25 மீட்டர் தள்ளிக் கயிற்றைத் தொங்கவிட்டு, எடையை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் கயிறு தண்ணீரில் அடங்கிவிடும். 25 மீட்டரில் கவனம் கொள்ளாத ஸ்கோப் என்றால் இன்னும் தூரத்தில் கட்டுங்கள்.

ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ரெயிலின் மேல்முகத்தில் குறுக்காக ரசமட்டம் வைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஸ்கோப் வழியாகப் பார்த்து, செங்குத்துக் கோட்டைக் கயிற்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கயிற்றின் மேலேயே வைக்காதீர்கள். கோடு கயிற்றை மறைத்துவிட்டால் சாய்வு தெரியாது. பக்கத்தில் ஒரு நூலளவு வெள்ளை விட்டுப் பார்த்தால், மேலே அகன்று கீழே குறுகும் இடைவெளி உடனே கண்ணில் படும். குழாயைச் சுழற்றி அந்த இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகும் வரை கொண்டுவாருங்கள். ரசமட்டம் இன்னும் நடுவில்தான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

உயரக் குமிழின் மூடிமேல் இன்னொரு ரசமட்டம் வைத்து இரண்டையும் ஒன்றாக்கும் முறை வேகமானது. ஆனால் மூடியின் மேல்முகமும் உள்ளே இருக்கும் கோடும் சரியாகச் செங்கோணத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. குமிழ்ப் பீடத்தின் தட்டையான அடிக்கும் ரெயிலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் இதழ்களையோ ஒரு கட்டுச் சீட்டையோ செருகி மட்டமாக்குவதும் அப்படித்தான். தொடக்கத்துக்கு நல்ல வழிகள் இவை, முடிவு தூக்குநூலில்தான்.

வெளியே இடமில்லை என்றால் இருட்டறையில் சுவரோரம் நூலைத் தொங்கவிட்டு, கண்வில்லை வழியாக டார்ச் அடியுங்கள். முன்வில்லை வழியாகக் குறுக்குக்கோட்டின் நிழல் சுவரில் விழும். நூலும் நிழலும் பக்கம் பக்கமாக நிற்க, கண்ணைச் சுருக்காமல் இரண்டு கண்ணாலும் பார்த்துத் திருப்பலாம்.

இறுக்குவதில்தான் கெடுகிறது

மட்டம் பார்க்கும் வேலையில் பாதிப் பிழை இறுக்கும்போது வருகிறது. ஒரு பக்கத் திருகை முதலில் இறுக்கினால் மூடி அந்தப் பக்கம் இழுக்கும், குழாயும் கூடவே ஒன்றிரண்டு டிகிரி சுழலும். மரையும் திருகுத் தலையும் எண்ணெயின்றி உலர்ந்திருக்கட்டும். எண்ணெய் பட்ட மரையில் அதே 18 இன்ச்-பவுண்டு குழாயை நசுக்கும் அளவுக்குப் போகும்.

நான்கு திருகுகளையும் விரலால் முட்டவைத்து, மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே இருபக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கால் சுற்று கால் சுற்றாக, மூலைக்கு மூலை. முன் ரிங்கில் ஒரு சுற்று, பின் ரிங்கில் ஒரு சுற்று, உடனே தூக்குநூலில் ஒரு பார்வை. கோடு நகர்ந்திருந்தால் தளர்த்தி, நகர்ந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் முன்கூட்டியே திருப்பி வைத்து மறுபடி இறுக்குங்கள். கடைசி அளவு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ரிங் தயாரிப்பாளரின் எண்ணும் ஸ்கோப் தயாரிப்பாளரின் எண்ணும் வேறுபட்டால் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். சில ரிங்குகளில் ஒரு பக்கம் இடைவெளியே இல்லாமல் முதலில் மூட வேண்டும். தாளைப் படிக்காமல் அவற்றில் கைவைக்காதீர்கள்.

அதிகம் இறுகியதற்கு அடையாளம் உண்டு. உருப்பெருக்க வளையமோ பக்கவாட்டுக் கவனக் குமிழோ முன்பைவிடக் கனமாகத் திரும்பினால் ரிங் குழாயை நெரிக்கிறது. கழற்றிப் பார்த்தால் குழாயில் வளையத் தழும்பு இருக்கும். குறைவாக இறுகியதற்கும் அடையாளம் உண்டு: ரிங் ஓரத்தில் குழாயின்மேல் பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள், 20 வெடிக்குப் பிறகு கோடு ரிங்கை விட்டு விலகியிருந்தால் ஸ்கோப் முன்னால் வழுக்குகிறது.

இப்போது ஸ்கோப் குழாயில் மாட்டும் சிறு ரசமட்டத்தைப் பொருத்துங்கள். குறுக்குக்கோடு கயிறோடு ஒன்றி நிற்கும்போது குமிழி நடுவில் வரும்படி வைத்து இறுக்கினால், கயிறு இல்லாத இடத்திலும் அது தூக்குநூலின் வேலையைச் செய்யும். சரிவான மேட்டில் படுத்துச் சுடும்போது கண் நிலத்தின் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே இந்தக் குமிழி இல்லாமல் தூரக் குறி வைப்பது வீண்.

ஜீரோவும் உயரப் பலகைச் சோதனையும்

போல்ட்டை உருவிய நிலையில் குழலின் பின்னாலிருந்து 25 மீட்டர் இலக்கைப் பாருங்கள். வட்டம் நடுவில் நிற்கும்படி ரைஃபிளை நிறுத்தி, அசைக்காமல், குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் குமிழ்களால் கொண்டுவாருங்கள். பக்கக் குமிழ் ஒரு கோடிக்கே போய்விட்டால் ரிங்கோ ரெயிலோ கோணல். குமிழைத் திருகி மறைக்காமல் அடிப்பட்டைக்குத் திரும்புங்கள். பிறகு சுடுதளத்தில் 25 மீட்டரில் ஒன்றிரண்டு வெடி, அதன்பின் 100 மீட்டரில் மும்மூன்று வெடியாக, மூன்றின் நடுப்புள்ளியை வைத்துத் திருத்தம். 100 மீட்டரில் 0.1 மில் கிளிக் 1 செ.மீ.; கால் நிமிடக் கிளிக் 7.3 மி.மீ. 25 மீட்டரில் இவை நான்கில் ஒன்று.

ஜீரோ ஆனதும் 100 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரப் பலகையில் தூக்குநூலை வைத்துச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் ஒரு குறிப்புள்ளி. சுழிநிலையில் மூன்று வெடி. 10 மில் ஏற்றி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து, குமிழியை நடுவில் வைத்து மூன்று வெடி. மேல் குழு கீழ்க்குழுவுக்குச் சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின்மேல் விழ வேண்டும். 17 மி.மீ. பக்கம் தள்ளினால் 1 டிகிரி சாய்வு. இதை 100 மீட்டரில் செய்வதற்குக் காரணம் உண்டு: குண்டு சுழல்வதால் வரும் பக்க நகர்வும் காற்றும் இங்கே கணக்கில் வராத அளவுக்குச் சிறியவை, மிஞ்சுவது சாய்வு மட்டும்தான். தூரத்தை நாடாவால் அளங்கள். 100 கெஜத் தளத்தில் 10 மில் என்பது 91.4 செ.மீ.; அது தெரியாமல் ஸ்கோப் தவறு என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

குறுக்குக்கோடு தூக்குநூலுக்கு நேராக நின்றும் குழு சாய்ந்தே ஏறினால், ஸ்கோப்புக்குள் கோடும் குமிழின் நகர்வும் ஒரே திசையில் இல்லை. சுடாமலேயே இதை உறுதிசெய்யலாம். ரைஃபிளை வைஸில் அசையாமல் பிடித்து, அந்தப் பலகைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே குமிழை 10 மில் திருகுங்கள். குறுக்குக்கோட்டின் சந்திப்பு கோட்டைவிட்டு விலகி நடக்கும். விலகல் பெரிதென்றால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். சிறிதென்றால், எதை நம்பிச் சுடுகிறீர்களோ அதை நேராக்குங்கள்: குமிழைத் திருகிச் சுடுபவர் நகர்வு கோட்டோடு போகும்படி குழாயைத் திருப்பி, ரசமட்டத்தையும் அதற்கேற்ப மாற்றிவைக்க வேண்டும், குமிழைத் திருகாமல் கோட்டிலுள்ள புள்ளிகளை வைத்துக் குறியை உயர்த்திச் சுடுபவர் கோட்டையே தூக்குநூலில் விட்டுவிடலாம்.

20 வெடி முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் அதே எண்ணில் ஒருமுறை சோதித்து, தலைகளின் மேல் பெயின்ட் பேனாவால் கோடு இழுத்து வையுங்கள்.